வாடை திரும்பினால் சென்னைக் கரையில் என்ன நடக்கிறது?

ஐப்பசியில் காற்று நன்றாக அடிக்கிற ஒரு காலையில் அடையாறு முகத்துவாரத்துக்குப் போனால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். மணல்திட்டில் நிற்கிற கடற்காகம், ஆலா, உள்ளான், உப்புக்கொத்தி என்று கரைப்பறவைகள் அத்தனையும் ஒரே பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம். காற்று கொஞ்சம் திசை மாறினால், ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருக்கிற பறவைகூட மெதுவாகத் தத்தித் தத்தித் திரும்பிக்கொள்ளும்.

இதற்கு இரண்டு காரணங்கள். பறவையின் இறகுகள் தலையிலிருந்து வால் பக்கமாக ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. எதிர்க்காற்று அவற்றை உடம்போடு சேர்த்து அழுத்தும், அடியில் பிடித்து வைத்திருக்கிற சூடான காற்று அப்படியே இருக்கும். பின்பக்கம் காற்று அடித்தால் இறகு தூக்கிக்கொள்ளும், சூடு போய்விடும். இரண்டாவது காரணம் பறப்பது. பறவையை மேலே தூக்குவது இறக்கையின் மேல் ஓடும் காற்றுதான். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அடித்தால், நின்ற இடத்திலேயே அந்த 30 கிலோமீட்டர் வேகம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். நாய் பாய்ந்து வந்தாலும் இறக்கையை விரித்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

சரி, இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் காற்றின் கதையும் பறவையின் கதையும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. செப்டம்பருக்குப் பிறகு சூரியன் தெற்கே நகர நகர ஆசியாவின் வடபகுதி வேகமாகக் குளிர்கிறது. நிலம் குளிர்ந்தால் அதன் மேலிருக்கும் காற்று கனத்துக் கீழே இறங்கும், அங்கே காற்றழுத்தம் கூடும். தெற்கே கடல் இன்னும் சூடாகவே இருப்பதால் அங்கே அழுத்தம் குறைவு. அதனால் காற்று வடக்கிலிருந்து தெற்கே கிளம்புகிறது, பூமி சுழல்வதால் வலப்பக்கம் ஒதுங்கி, நமக்கு வடகிழக்கிலிருந்து வந்து சேர்கிறது. மீனவர்கள் வாடை என்றும் கொண்டல் என்றும் சொல்கிற காற்று இந்தக் காலத்துக்கு உரியது. வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருவதால் மழையும் இதோடு வரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது.

அதே குளிர்தான் சைபீரியாவின் சதுப்பு நிலங்களை உறைய வைக்கிறது. சேறு உறைந்தால் புழு கிடையாது, பூச்சி கிடையாது, இருந்தாலும் அலகு இறங்காது. வடக்கு குளிர்வதால்தான் பறவைக்கு அங்கே சோறு இல்லாமல் போகிறது, வடக்கு குளிர்வதால்தான் தெற்கே போக அதற்குப் பின்காற்றும் கிடைக்கிறது.

ஆனால் எல்லாப் பறவையும் வாடைக்காகக் காத்திருப்பதில்லை. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் ஓரத்தில், ரஷ்யாவின் தைமிர் தீபகற்பம் போன்ற இடங்களில் கூடு கட்டுகிற பறவை இது. குஞ்சு வளர்ப்பதில் ஆணுக்கு வேலையே இல்லை, அதனால் அது ஜூலைத் தொடக்கத்திலேயே கிளம்பிவிடும். கொஞ்ச நாளில் பெண்ணும் கிளம்பிவிடும். கடைசியில் வருவது இளம்பறவைகள், அம்மா அப்பா இல்லாமல், வழி காட்ட யாரும் இல்லாமல். அதனால் ஆகஸ்டில், தென்மேற்குக் காற்று இன்னும் வீசும்போதே, நம் கரையில் முதலில் தெரிவது தேய்ந்து வெளிறிப்போன இறகுகளோடு இருக்கும் பெரியவை. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் வருகிற கூட்டத்தில் இளசுகள் நிறைய இருக்கும்.

இளசை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், இதேபோல ஆர்க்டிக் ஓரத்திலிருந்து வருகிற கொசு உள்ளான் கூட்டத்தை பைனாகுலரில் நிதானமாகப் பாருங்கள். இந்த வருடம் பிறந்த பறவையின் முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிறிய விளிம்பு இருக்கும், அதனால் முதுகு முழுக்கச் செதில் வைத்ததுபோலத் தெரியும். தோளிலிருந்து முதுகு வழியாக இரண்டு வெள்ளைக் கோடுகள் இறங்கிக் கீழே சேரும். ஒரு இறகுகூடத் தேய்ந்திருக்காது. சுமார் 25 கிராம் எடையுள்ள அந்த உடம்பு, பிறந்து மூன்று நான்கு மாதத்துக்குள், நேர்கோட்டில் அளந்தாலே 6,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்திருக்கிறது. முன்பின் பார்த்திராத ஊருக்கு.

யாரும் சொல்லித் தராமல் எப்படி வருகிறது? இதற்கு விடை தேடி நடந்த பழைய சோதனை ஒன்று உண்டு. நெதர்லாந்தின் பெர்டெக் என்ற ஆய்வாளர் வலசை வழியில் 11,000-க்கும் அதிகமான மைனா இனப் பறவைகளைப் பிடித்து, விமானத்தில் ஏற்றி, சுவிட்சர்லாந்தில் கொண்டுபோய் விட்டார். முடிவுகளை 1958-ல் வெளியிட்டார். ஏற்கெனவே ஒருமுறை போய்வந்த பெரிய பறவைகள் தாங்கள் இடம் மாறியதைப் புரிந்துகொண்டு, திசையைத் திருத்தி, வழக்கமான குளிர்கால இடத்தை நோக்கிப் போயின. இளம்பறவைகளோ, நெதர்லாந்திலிருந்து எந்தத் திசையில் போயிருக்குமோ அதே திசையில் சுவிட்சர்லாந்திலிருந்தும் பறந்து ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்தன. அதாவது இளசுக்குப் பிறவியிலேயே கிடைப்பது திசையும், எத்தனை நாள் பறக்க வேண்டும் என்கிற கணக்கும். ஊர்களின் வரைபடம் அனுபவத்தில்தான் வருகிறது.

திசையைத் தெரிந்துகொள்ளப் பறவைக்கு மூன்று வழிகளாவது உண்டு. பகலில் சூரியன். இரவில் நட்சத்திரங்கள். 1960-களில் ஸ்டீபன் எம்லென் என்ற அமெரிக்க ஆய்வாளர் பறவைகளைக் கோளரங்கத்துக்குள் வைத்துச் சோதித்தார். குஞ்சுப் பருவத்தில் வானத்தைப் பார்த்து, எந்தப் புள்ளியைச் சுற்றி எல்லா நட்சத்திரங்களும் சுழல்கின்றனவோ அதை வடக்கு என்று அவை கற்றுக்கொள்கின்றன என்பது தெரிந்தது. மூன்றாவது பூமியின் காந்தப்புலம். கண்ணின் விழித்திரையில் கிரிப்டோகுரோம் என்ற புரதம் இருக்கிறது. ஒளி படும்போது அதற்குள் நடக்கும் வேதிமாற்றம் காந்தப்புலத்தின் திசைக்கேற்ப மாறுவதால், பறவை காந்தப்புலத்தை ஒருவகையில் கண்ணாலேயே உணர்கிறது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளும் விளக்கம்.

திசை மட்டும் தெரிந்து இடம் தெரியாத பறவையைப் பக்கக்காற்று தள்ளிக்கொண்டு போனால், தான் விலகிவிட்டதே அதற்குத் தெரியாது. இலையுதிர்காலத்தில் வழக்கமாக அந்தக் கரைக்கு வராத பறவை ஒன்று எங்காவது வந்து நின்றால், அது பெரும்பாலும் இளம்பறவையாக இருப்பதற்கு இதுவே காரணம். காற்றடித்த மறுநாள் காலையில் பறவை ஆர்வலர்கள் அரக்கப்பரக்கக் கடற்கரைக்கு ஓடுவதற்கும் இதுவே காரணம்.

இப்போது காற்றின் கணக்குக்கு வருவோம். சிறிய கரைப்பறவை ஒன்று காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 50 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 55 என்று வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்து 30 கிலோமீட்டர் காற்று தள்ளினால் தரையைப் பொறுத்து வேகம் 85. எதிரே அடித்தால் வெறும் 25. இறக்கை அடிப்பதற்கு ஆகும் செலவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் கடக்கும் தூரம் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசப்படுகிறது. அதனால் பறவைகள் கிளம்பும் நேரத்தைக் காற்றைப் பார்த்தே முடிவு செய்கின்றன. மேலே போய் உயரத்தை மாற்றி மாற்றி, எந்த அடுக்கில் காற்று சாதகமாக இருக்கிறதோ அங்கே பறக்கின்றன. பெரும்பாலான கரைப்பறவைகள் மாலையில் கிளம்பி இரவில் பறப்பவை. இரவில் காற்று குளிர்ச்சியாக, கொந்தளிப்பு குறைவாக இருக்கும், உடம்பு சூடேறி நீர் வற்றாது.

வழிக்குக் கட்டுச்சோறு கொழுப்புதான். ஒரு கிராம் கொழுப்பில் கிடைக்கும் ஆற்றல் மாவுச்சத்தில் கிடைப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம், அதை எரிக்கும்போது நீரும் கிடைக்கும். சில கரைப்பறவைகள் பயணத்துக்கு முன்பு தங்கள் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. பட்டைவால் மூக்கன் இன்னும் ஒரு படி மேலே போய், கிளம்பும் முன் இரைப்பை, கல்லீரல், குடல் போன்றவற்றைச் சுருக்கிக்கொள்கிறது. வழியில் சாப்பிடப்போவதில்லை என்றால் அந்தச் சுமை எதற்கு? போய்ச் சேர்ந்த பிறகு அவை மறுபடி வளரும். 2022 அக்டோபரில் இந்த இனத்தின் இளம்பறவை ஒன்று, முதுகில் செயற்கைக்கோள் கருவியோடு, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்தது. அதுவும் பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்த பறவை.

நம் கரைக்கு வருபவை அப்படி ஒரே மூச்சில் வருவதில்லை. மத்திய ஆசிய வலசைப் பாதை என்று சொல்லப்படும் வழியில் ஏரிகளிலும் சதுப்புகளிலும் இறங்கி, தின்று, மறுபடி கிளம்பி வருபவை. மணல் உப்புக்கொத்திக்கும் பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கும் தூரம் இன்னும் குறைவு. அவை திபெத்தியப் பீடபூமிப் பக்கத்திலிருந்து வருகின்றன.

வந்து இறங்கியவுடன் வேலை ஒன்றுதான், தின்பது. இங்கே உப்புக்கொத்திக்கும் உள்ளானுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். உப்புக்கொத்திக்குப் பெரிய கண், குட்டை அலகு. நாலு அடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும். அது கண்ணால் வேட்டையாடுவது. உள்ளான் அப்படி இல்லை, தலையைத் தூக்காமல் தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே போகும். அதன் அலகு நுனியில் நுண்ணிய குழிகள் நிறைய இருக்கின்றன, அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். ஈர மணலில் அலகைச் செருகும்போது மணல் துகள்களுக்கு இடையே இருக்கும் நீர் தள்ளப்படுகிறது. பக்கத்தில் சிப்பி போலக் கெட்டியான ஏதாவது இருந்தால் அந்த நீரின் அழுத்தம் மாறும். உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த நாட் என்ற பறவையை வைத்து டச்சு ஆய்வாளர்கள் இதை 1990-களில் சோதித்தார்கள். அலகு தொடாத தூரத்தில் புதைந்திருந்த கல்லைக்கூட அது கண்டுபிடித்தது, ஆனால் ஈரமணலில் மட்டும்தான். காய்ந்த மணலில் முடியவில்லை. நீர் ஓரத்தை விட்டு உள்ளான்கள் நகராமல் இருப்பது ஏன் என்பது இதில் விளங்கும். அப்புறம் இன்னொன்று: நீண்ட மூக்குள்ள பல இனங்கள் அலகின் நுனியை மட்டும் தனியாகத் திறக்கும். மண்ணுக்குள் முழு வாயையும் திறக்க இடம் ஏது?

உப்புநீரிலேயே தின்று குடித்தால் உடம்பு தாங்குமா என்று கேட்கலாம். கண்ணுக்கு மேலே இருக்கும் உப்புச் சுரப்பி, ரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து மூக்குத் துளை வழியே விடுகிறது. கடற்காகத்தின் அலகு நுனியில் ஒரு சொட்டு தொங்குவதையும், அது தலையை உதறுவதையும் அருகிலிருந்து பார்த்தால் தெரியும்.

சென்னையில் பறவை பார்க்க வேண்டும் என்றால் காற்றோடு நீரின் ஆழத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே ஓதம், அதாவது கடல்மட்டம், பெரிதாக ஏறி இறங்குவதில்லை, பௌர்ணமி அமாவாசையிலும் ஒரு மீட்டர் அளவுதான். அதனால் சேறு வெளியே தெரிவதும் மறைவதும் ஆற்றில் வரும் மழைநீரையும், முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதையும் பொறுத்தே நடக்கிறது. கொசு உள்ளானின் கால் 2 சென்டிமீட்டர் சொச்சம், நெடுங்கால் உள்ளானுக்குக் கால் ஒரு சாண். இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஏறினால் கொசு உள்ளானுக்கு அந்த இடம் இல்லை என்றே ஆகிவிடும். நவம்பரில் அடைமழை பிடித்து அடையாறும் கோவளம் கழியும் நிரம்பினால் சிறிய பறவைகள் காணாமல் போவது அதனால்தான். ஆகவே செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ஒரு நல்ல பருவம், நீர் வடிந்த பிறகு ஜனவரியிலிருந்து மார்ச் வரை இன்னொன்று. கோவளம், கேளம்பாக்கம் உப்பங்கழி, எண்ணூர், பழவேற்காடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பூநாரைக்குப் பழவேற்காடு போங்கள்.

நம் கரையில் காலைச் சூரியன் கடல் பக்கமிருந்து வரும். கடலைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். அடையாறு முகத்துவாரத்தில் இருக்கும் உடைந்த பாலத்துப் பக்கம் போய், கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே ஆற்றைப் பார்த்து நில்லுங்கள். காற்று அதிகமென்றால் உட்கார்ந்துவிடுவது நல்லது, பைனாகுலர் ஆடாது, பறவையும் பயப்படாது. தயவுசெய்து படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். பறப்பதற்கு ஆகும் செலவு சும்மா நிற்பதற்கு ஆவதைப்போலப் பல மடங்கு, பல ஆயிரம் கிலோமீட்டர் வந்து எலும்பும் தோலுமாக இறங்கிய பறவைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இறகு கெட்டுப்போனால் எல்லாம் போச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழியில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் எண்ணெய் அப்பி நின்றதைப் பார்த்தோம். இறகின் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பின்னியிருப்பதால்தான் தண்ணீர் உள்ளே போகாது. எண்ணெய் அந்தப் பின்னலைக் குலைத்துவிடும். உடம்பு நனையும், குளிரும், கோதி எடுக்கப் பார்த்தால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும்.

புயல் கடந்த மறுநாள் வேறு ஒன்றும் நடக்கும். நடுக்கடல் ஆலா, பிரிகேட் பறவை என்று கரைப்பக்கமே தலைகாட்டாத பறவைகளைப் புயல் தூக்கிக்கொண்டு வந்து மெரினாவிலோ, ஊருக்குள் ஏதாவது மொட்டை மாடியிலோ போட்டுவிடும். அப்படி ஒன்றைப் பார்த்தால் நல்லது செய்வதாக நினைத்துக் கடலில் வீசிவிடாதீர்கள். பிரிகேட் பறவையின் இறகு தண்ணீரைத் தாங்காது, கடலில் விழுந்தால் எழ முடியாமல் மூழ்கிவிடும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நீண்ட அலகு உள்ளதை உங்கள் கண்ணருகே பிடிக்காதீர்கள், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.