சங்கிலி மாட்டியிருந்தது, ஆனால் எதில்?

படகு ஏற்றும் ட்ரெய்லர் ஒன்று பட்டறைக்கு வந்தது. தார்ச்சாலையில் உரசியதில் அதன் மூக்கு ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. உரிமையாளர் திரும்பத் திரும்ப ஒன்றையேதான் சொன்னார்: "ரெண்டு சங்கிலியும் மாட்டித்தானே இருந்தேன்!"

இணைப்பு விட்டுப்போனால் ட்ரெய்லரைப் பிடித்துக்கொள்ள, காரோடு மாட்டும் பாதுகாப்புச் சங்கிலிகளைத்தான் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. சங்கிலிகள் அறவில்லை, கொக்கிகூடக் கழலவில்லை. ஆனால் அவற்றை அவர் மாட்டியிருந்தது பால் மவுண்டில், அதாவது ஹிட்ச் (காரின் பின்னால் இருக்கும் இழுவை இணைப்பு) உருண்டை உட்கார்ந்திருக்கும் அந்த இரும்புத் துண்டில். அதைக் காரோடு பிடித்து வைத்திருந்த குறுக்கு ஆணி (பின்), கிளிப் இல்லாமல் ஆடி ஆடி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. மவுண்டு, அது செருகியிருக்கும் காரின் பின்னடிக் குழாயான ரிசீவரிலிருந்து உருவிக்கொண்டபோது உருண்டை, அதைக் கவ்வும் ட்ரெய்லர் மூக்கின் கப்ளர், சங்கிலி எல்லாம் சேர்ந்தே கிளம்பிவிட்டன. ட்ரெய்லர் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி நின்றதால் ஆள்சேதம் இல்லை.

இந்த வேலையில் நான் அதிகம் பார்ப்பது சங்கிலி இல்லாத வண்டிகளை அல்ல. சங்கிலி இருந்தும் பயன்படாத வண்டிகளைத்தான். எது விட்டுப்போனால் பிடிக்க வேண்டுமோ, அதிலேயே சங்கிலியைக் கட்டி வைத்திருப்பார்கள். மாட்ட வேண்டிய இடம் ரிசீவரின் இரு பக்கமும் இருக்கும் வளையங்கள். அவை காரின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்ட ஹிட்சின் பாகம். பம்பரில் மாட்டுவதும் வீண். இப்போதைய பம்பர் பலவற்றின் வெளிப்பக்கம் வெறும் பிளாஸ்டிக் உறைதான். ட்ரெய்லர் பக்கமும் இதே கதை. சங்கிலியின் அடிமுனை கப்ளரில் இருக்கக் கூடாது, இழுவைத் தண்டில் இருக்க வேண்டும். இரண்டு சங்கிலியையும் ஒரே போல்ட்டில் கோத்து முடுக்கியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த ஒரு போல்ட் போனால் இரண்டும் போச்சு. தனித்தனி போல்ட், அடியில் அகலமான வாஷர், அவ்வளவுதான் வேலை.

அடுத்தது குறுக்காக மாட்டுவது. ட்ரெய்லரின் இடப்பக்கச் சங்கிலி காரின் வலப்பக்க வளையத்துக்கு, வலப்பக்கச் சங்கிலி இடப்பக்கத்துக்கு. இரண்டும் கப்ளருக்குக் கீழே ஒன்றையொன்று கடந்து போக வேண்டும். அப்போது அங்கே ஒரு தொட்டில் உருவாகிறது. கப்ளர் உருண்டையை விட்டு எகிறினால் மூக்கு அந்தத் தொட்டிலில் விழும், சாலையைத் தொடாது. நேருக்கு நேர் மாட்டிய சங்கிலியில் மூக்கு இரண்டுக்கும் நடுவே கீழே இறங்கிச் சாலையில் குத்தும். ஓடும் வேகத்தில் மூக்கு ஒரு குழியில் குத்திவிட்டால், பின்னால் வரும் மொத்த எடையும் அதன் மேல் ஏறி ட்ரெய்லரே புரள வாய்ப்புண்டு.

நீளம்தான் எல்லோரையும் படுத்துவது. குட்டையாக இருந்தால் திருப்பத்தில் விறைத்து, வளையத்தையோ கொக்கியையோ வளைத்துவிடும். நீளமாக இருந்தால் தொட்டில் தரையில் கிடக்கும், அதில் எதையும் ஏந்த முடியாது. இன்னொரு கேடும் உண்டு. ட்ரெய்லர் விடுபட்ட கணத்திலிருந்து சங்கிலி இறுகும்வரை இரண்டு வண்டிக்கும் வேகம் வேறாகிக்கொண்டே போகும். தொய்வு கூடக் கூட, இறுகும்போது விழும் வெட்டு பலமாகும். மெதுவாக இழுத்தால் தாங்கும் கொக்கி, அந்த ஒரு வெட்டில் விரிந்துவிடலாம்.

அளவு பார்க்க டேப் வேண்டாம். காலி இடத்தில் ட்ரெய்லரை மாட்டி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். ஒருவர் பக்கவாட்டில் குனிந்து பார்க்கட்டும். முழு ஒடிப்பிலும் சங்கிலி விறைக்கக் கூடாது, நேராக நிற்கும்போது தரையைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் கிடைப்பதுதான் உங்கள் வண்டிக்கான நீளம்.

நீளம் கூடினால் பலர் செய்வது முறுக்கல். சங்கிலியைக் கயிறு மாதிரி நாலு முறை முறுக்கி மாட்டிவிடுவார்கள். சங்கிலிக் கண்ணி நேர் இழுப்புக்காகச் செய்தது. முறுக்கினால் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பக்கவாட்டில் வளையும் பளு விழும். கூடுதல் கண்ணிகளை வெட்டி எடுப்பதே ஒழுங்கு.

தரையில் இழுபட்ட சங்கிலியைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். மற்ற கண்ணிகள் உருண்டையாக இருக்கும்; நடுவில் மூன்று நான்கு மட்டும் ஒரு பக்கம் தட்டையாக, விளிம்பு கத்தி போல இருக்கும். எப்போதோ ஒருநாள் பாரம் விழும்போது அறுவது அந்த இடத்தில்தான். அதோடு, இழுபடும் சங்கிலி தெறிக்கும் தீப்பொறி ஓரத்துக் காய்ந்த புல்லில் விழுந்து நெருப்பு பிடித்த சம்பவங்களும் உண்டு. சத்தம் கேட்காமல் இருக்கச் சங்கிலியை ரப்பர் குழாய்க்குள் விடுகிறவர்கள், உள்ளே துரு ஏறுவதைக் கடைசிவரை பார்ப்பதில்லை.

சரி, எந்தச் சங்கிலி? தடிமனைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. 3/8 அங்குலச் சங்கிலியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேடு (பலத் தரம்) 30 என்றால் அதன் வேலைப்பளு, அதாவது பத்திரமாகத் தாங்கும் எடை, சுமார் 1,200 கிலோ. கிரேடு 70 என்றால் சுமார் 3,000 கிலோ. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். கிரேடு எண் கண்ணிகளில் பொறித்திருக்கும். எண்ணே இல்லாத சங்கிலியை நான் தொடுவதில்லை. அமெரிக்க வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் ஜே684 என்ற தரநிலையின் கணக்கு எளிது: ஒவ்வொரு சங்கிலியும் தனியாகவே, சரக்கோடு சேர்த்த ட்ரெய்லரின் மொத்த எடைக்குக் குறையாத முறிபலம் (எந்தப் பளுவில் அறுமோ அது) கொண்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து என்று பாதிக்குப் பாதி கணக்குப் போடாதீர்கள். தாங்க வேண்டிய அந்த நேரத்தில் பளு ஒரே சங்கிலியில் விழலாம். கொக்கிக்கும், பின் போட்டுப் பூட்டும் யு வடிவ வளையமான ஷேக்கிளுக்கும் இதே கணக்குதான். நல்ல சங்கிலி வாங்கி, முனையில் தாழ் இல்லாத எஸ் வடிவக் கொக்கி போட்டிருந்தால், குலுங்கலில் அது துள்ளிக் கழன்றுவிடும். தாழ் உள்ள கொக்கியோ, பின்னைப் பூட்டிய ஷேக்கிளோ போடுங்கள். அப்புறம், வெப்பப்பதம் கொடுத்த சங்கிலியில் வெல்டிங் வைத்தால், வைத்த இடத்தில் பதம் போய்விடும்.

சங்கிலிக்கு வேலையே வராமல் பார்ப்பது இன்னும் நல்லது. ட்ரெய்லர் கழல்வதில் பாதிக்கதை உருண்டை அளவுதான். 1⅞ அங்குல உருண்டையின் மேல் 2 அங்குலக் கப்ளர் அழகாக மூடும், தாழும் விழும். முதல் பெரிய பள்ளத்தில் எகிறும். அளவு உருண்டையின் மண்டையிலேயே பொறித்திருக்கும். பூட்டியபின் மூக்கு ஜாக்கை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துங்கள். காரின் பின்புறமும் கூடவே எழுந்தால் பிடித்திருக்கிறது. கப்ளர் மட்டும் மேலே வந்தால் பிடிக்கவில்லை. பிரேக் உள்ள ட்ரெய்லரில், பிரிந்தால் பிரேக்கைத் தானாகப் போடும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதைச் சங்கிலியில் சுற்றிவிடாமல் காரின் பக்கம் தனியாக மாட்டுங்கள்.

ஓடும்போதே விட்டுப்போனால் கால் தானாக பிரேக்குக்குத்தான் போகும். அழுத்தாதீர்கள். சங்கிலி இழுக்கும், தள்ளாது. நீங்கள் திடீரென்று நின்றால் ட்ரெய்லர் நேராகப் பின்னால் வந்து இடிக்கும். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, மெல்ல மெல்ல வேகம் குறைத்து ஓரம் கட்டுங்கள். ட்ரெய்லர் பிரேக்கைக் கையால் இயக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் லேசாகப் போடலாம்.

பழுதான காரை முன்சக்கரம் தூக்கி இழுத்துப்போகும் மீட்பு வண்டியிலும் இதேதான். சக்கரத்தைக் கட்டிய பட்டை ஒரு பிடி. சங்கிலி அதற்குச் சம்பந்தமில்லாமல் காரின் அடிச்சட்டத்தில் தனிப் பிடி. பட்டை கட்டிய இடத்திலேயே சங்கிலியையும் மாட்டுகிற புதுப் பையன்களை இறக்கி மறுபடி மாட்டச் சொல்வேன்.

ஒருமுறை ட்ரெய்லரைப் பிடித்த சங்கிலிக்கு அதோடு ஓய்வு. கண் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கண்ணி நீண்டிருக்கும், ஒன்றோடொன்று இறுகி மடங்க மறுக்கும். படகுக்காரரின் சங்கிலி சாலையில் நன்றாகத் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றினேன். பழையதைக் கேட்டார். "கேட்டுக்குப் பூட்டு போடத்தான்" என்றார். கேட்டுக்குப் போகிற சங்கிலி அடுத்த சீசனில் மறுபடி ட்ரெய்லருக்கு வரும் என்று எனக்குத் தெரியும். கட்டரால் ஒரு முழ நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டித்தான் கொடுத்தேன்.