பழைய காரை மின்சாரக் காராக மாற்றுவது: பட்டறைக்குப் போகும் முன் ஆர்டிஓ விதிகள்

பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் ஏற்றுவது வடசென்னைப் பட்டறைகளுக்குப் பெரிய வித்தை இல்லை. கியர்பாக்ஸோடு மோட்டாரைச் சேர்க்கும் அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடைந்து கொடுக்க ஆள் உண்டு. கன்ட்ரோலர், பேட்டரி செல், சார்ஜர் எல்லாம் ஆன்லைனில் வாங்கலாம். வண்டியும் ஓடிவிடும். ஆனால் ஆர்சி புக்கில் 'பெட்ரோல்' என்று இருக்கும்போது உள்ளே பேட்டரி இருந்தால், சாலையில் அது அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி. செலவழித்த நான்கைந்து லட்சமும் ஆர்டிஓ வாசலில் மாட்டிக்கொள்ளும். பலர் மாட்டுவது இந்த இடத்தில்தான், அதனால் விதியிலிருந்தே தொடங்குவோம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கும் ஆர்சியில் உள்ளதற்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. ஆனால் அதே பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது: கன்வர்ஷன் கிட் பொருத்தி, பேட்டரி, சிஎன்ஜி, எல்பிஜி போன்ற வேறு எரிசக்திக்கு மாற்றலாம், நிபந்தனைகளுக்கு உட்பட்டு. அந்த நிபந்தனைகள் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115டி என்ற விதியில் இருக்கின்றன. 2016இல் சேர்க்கப்பட்டது.

அதன் சாரம் இவ்வளவுதான். கார் 1990 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தயாரானதாக இருக்க வேண்டும். ஆபத்தான சரக்கு ஏற்றும் பர்மிட் உள்ள வண்டியாக இருக்கக்கூடாது. கிட்டைத் தயாரித்தவரோ விற்பவரோ, விதி 126இல் சொல்லப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்றில் ஏஐஎஸ் 123 என்ற வாகனத் துறைத் தரநிலைப்படி வகை ஒப்புதல் (அந்த மாதிரி கிட்டைச் சோதித்துத் தரும் அங்கீகாரம்) வாங்கியிருக்க வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், நம் பக்கத்தில் ஒரகடத்தில் ஜிஏஆர்சி ஆகியவை இப்படிப்பட்ட நிறுவனங்கள். கிட்டைப் பொருத்துபவரும் அந்தத் தயாரிப்பாளர் அங்கீகரித்தவராக இருக்க வேண்டும்.

ஆக, 'வீட்டிலேயே நானே மாற்றிக்கொள்கிறேன்' என்பதற்கு விதியில் இடமில்லை. மீறினால் 182ஏ பிரிவின் 4ஆம் உட்பிரிவுப்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ரோட்டுக்கே கொண்டுபோக மாட்டேன், காம்பவுண்டுக்குள் மட்டும் ஓட்டுவேன்' என்று சொல்பவர்களும் உண்டு. பதிவைக் கட்டாயமாக்கும் 39ஆவது பிரிவு பொது இடத்தோடு நிற்காமல் 'வேறு எந்த இடத்திலும்' என்றும் சொல்கிறது. தொழிற்சாலை வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி தனியாக வடிவமைத்த வண்டிக்குத்தான் விலக்கு. வீட்டு வாசலில் நிற்கும் மாருதி அந்தக் கணக்கில் வராது.

கிட்டை வாங்கும் முன்

விற்பவர் ஒரு கட்டு சான்றிதழ் காட்டுவார். ஏமாற்று நடப்பது இங்கே. பேட்டரிக்கு மட்டும் எடுத்த சோதனை அறிக்கை, மோட்டார் ஐபி67 (தூசி, நீர் புகாத தரம்) என்ற தாள், நிறுவனத்தின் ஐஎஸ்ஓ சான்று ஆகிய மூன்றையும் சேர்த்துக் காட்டி 'அரசு ஒப்புதல் இருக்கிறது சார்' என்பார். இவை எதுவும் கிட்டின் வகை ஒப்புதல் ஆகாது. நீங்கள் கேட்க வேண்டியது ஏஐஎஸ் 123, பாகம் 3 என்று எழுதிய சான்றிதழ். முழு மின்சார மாற்றத்துக்கு உரியது மூன்றாம் பாகம்தான். முதல் இரண்டும் ஹைபிரிட் கிட்டுக்கானவை.

அந்தச் சான்றிதழில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, வாகன வகை: கார் என்றால் எம்1. ஆட்டோவுக்கு வாங்கிய எல்5 ஒப்புதலைக் காட்டி காருக்கு விற்கிற கதையும் நடக்கிறது. இரண்டு, எந்தெந்த மாடலுக்கு என்ற பட்டியல்: உங்கள் காரின் மாடல், வேரியன்ட் அதில் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். மூன்று, செல்லுபடி தேதி. பொருத்துபவர் அங்கீகாரம் பெற்றவர் என்பதற்குத் தயாரிப்பாளர் கொடுத்த கடிதத்தின் நகலையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.

கார் கடனில் இருந்து ஆர்சியில் ஹெச்பி (கடன் தந்த பேங்கின் பெயர்ப் பதிவு) ஏறியிருந்தால், பேங்கின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது. 52ஆவது பிரிவே இதைச் சொல்கிறது. ஆர்சி காலாவதி ஆகியிருந்தால் எஞ்சின் உள்ளே இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். எஞ்சினை இறக்கிய பிறகு எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) எதைக் காட்டுவீர்கள்?

நீங்களே செய்யக்கூடிய வேலை

பொருத்துவது அங்கீகரிக்கப்பட்டவர் என்றாலும் வண்டியைத் தயார் செய்வது உங்கள் கையில். முதலில் அடித்தளத்தைப் பாருங்கள். காசிமேடு, எண்ணூர், திருவொற்றியூர் கடலோரக் காற்றில் நின்ற காருக்குத் தரைத் தகடும் சைடு மெம்பரும் உள்ளிருந்தே அரித்திருக்கும். மேலே அன்டர்கோட் பளபளக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகும். நூறு கிலோவுக்கு மேல் பேட்டரி உட்காரப்போகும் இடம் அது. துரு இருந்தால் தகடு வெட்டி வெல்டிங் செய்த பிறகுதான் கிட். பேட்டரி ஏறிய பின் அதன் பக்கத்தில் வெல்டிங் வைப்பது ஆபத்தும் கூட.

அடுத்து எடை. மாற்றும் முன் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாகச் சீட்டு வாங்குங்கள். கன்டெய்னர் லாரி ஓடும் மணலி, மாதவரம் பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. சின்ன ஹேட்ச்பேக்கில் எஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எல்லாம் இறங்கினால் ஏறத்தாழ 130 முதல் 160 கிலோ குறையும். 15 கிலோவாட்ஹவர் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி பெட்டியோடு 130 கிலோ, மோட்டாரும் கன்ட்ரோலரும் 50, 60 கிலோ. மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது, ஆனால் பாரம் இடம் மாறுகிறது. பேட்டரி முழுவதையும் டிக்கியில் வைத்தால் பின்பக்கம் தாழ்ந்து, முன் டயருக்குப் பிடிப்பு குறைந்து, பிரேக் அடிக்கும்போது வண்டி இழுக்கும். மாற்றிய பிறகு அதே மேடையில் இன்னொரு சீட்டு எடுத்தால் ஆர்சியில் உள்ள காலி எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பொருத்துபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது பிரேக். பெட்ரோல் காரில் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் எஞ்சினிலிருந்து வருகிறது. எஞ்சின் போனால் மின்சார வேக்குவம் பம்ப் வேண்டும், அதோடு வேக்குவம் குறைந்தால் எச்சரிக்கிற விளக்கும். இதை விட்டுவிட்டால் இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் என்றால் அதற்கும் தனி மோட்டார் பம்ப் வேண்டும். ஏசி கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடியது, இனி மின்சாரக் கம்ப்ரஸர். இந்த மூன்றையும் விலைப்பட்டியலில் சேர்க்காமல் குறைந்த விலை சொல்வது வழக்கம்.

60 வோல்ட் டிசிக்கு மேல் போனால் அது உயர் மின்னழுத்தம். 30 எல்எஃப்பி செல்களை வரிசையாகச் சேர்த்தால் 96 வோல்ட் வரும். ஆரஞ்சு நிறக் கேபிள், ஃப்யூஸ், பிரீசார்ஜ் ரெசிஸ்டரோடு (முதலில் மின்னோட்டத்தை மெதுவாக விடும் தடை) கான்டாக்டர் (பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்), கையால் துண்டிக்கும் சர்வீஸ் பிளக், பிஎம்எஸ் (பேட்டரி செல்களைக் கண்காணிக்கும் சர்க்யூட்) எல்லாம் இருக்க வேண்டும். பிரீசார்ஜ் இல்லாமல் நேரடியாக இணைத்தால் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர் ஒரு நொடியில் பேட்டரியிலிருந்து பெரும் மின்னோட்டத்தை இழுத்து, கான்டாக்டரின் முனைகளை ஒட்ட வைத்துவிடும். ஒட்டிய கான்டாக்டர் சாவியை அணைத்தாலும் திறக்காது. பேட்டரிக்கும் பாடிக்கும் இடையில் இன்சுலேஷன் குறைந்தது வோல்ட்டுக்கு 100 ஓம் இருக்க வேண்டும். 96 வோல்ட்டுக்கு 9,600 ஓம் என்பது கடைசி எல்லை, நல்ல கட்டமைப்பில் மெகா ஓம் கணக்கில் காட்டும். மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வைத்து அளந்த தாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஆர்டிஓவில்

டிஎன் 03 தண்டையார்பேட்டை, டிஎன் 05 வடசென்னை, டிஎன் 18 செங்குன்றம் என்று முகவரியைப் பொறுத்து அலுவலகம் மாறும். வண்டி எண் எதுவாக இருந்தாலும் இப்போதைய முகவரிக்கு உரிய ஆபீஸ்தான் கணக்கு. முகவரி மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பவர்கள் அலைகிறார்கள்.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான சேவையில் விண்ணப்பித்து, கிட்டின் ஒப்புதலைக் காட்டி அனுமதி கேட்பது முதல் படி. பொருத்தி முடித்த 14 நாட்களுக்குள் மாற்றத்தைத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். கையில் இருக்க வேண்டியவை: அசல் ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், வகை ஒப்புதல் நகல், பொருத்துபவரின் சான்று, மோட்டார் எண்ணும் பேட்டரி எண்ணும் எழுதிய ஜிஎஸ்டி பில், சேசிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட், கடன் இருந்தால் பேங்க் கடிதம். பில்லில் உள்ள மோட்டார் எண்ணும் மோட்டாரின் மேல் பொறித்ததும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஆர்சியில் எஞ்சின் எண் இருந்த இடத்தில் ஏறப்போவது அதுதான். 'ஓ'வா பூஜ்ஜியமா என்ற குழப்பத்திலேயே விண்ணப்பம் திரும்பும். கழற்றிய எஞ்சினைப் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைக்கு விற்றால் எண்ணோடு ரசீது வாங்கி வையுங்கள், நாளை அது இன்னொரு வண்டியில் அகப்பட்டால் உதவும்.

மோட்டார் வாகன ஆய்வாளர், நம்மூர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டியை நேரில் பார்ப்பார். சேசிஸ் எண், மோட்டார் எண், கிட்டின் பெயர்ப்பலகை, வயரிங், பிரேக். சரியென்றால் எரிபொருள் இடத்தில் எலக்ட்ரிக் அல்லது பியூர் ஈவி என்று ஏறும். அதன்பின் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்துள்ள ஹெச்எஸ்ஆர்பி (உயர் பாதுகாப்பு) நம்பர் பிளேட். சொந்தக் காருக்கு இதுதான் 2018இலிருந்து நடைமுறை. டாக்சி என்றால் எழுத்து மஞ்சள்.

வீட்டில் சார்ஜ்

3.3 கிலோவாட் சார்ஜர் 16 ஆம்பியர் பிளக்கில் ஓடும், 15 கிலோவாட்ஹவர் பேட்டரிக்கு ஐந்து மணி நேரம். பிரிட்ஜுக்கு வைத்த பழைய பிளக் ஐந்து மணி நேரம் முழுச்சுமை தாங்காது, சூடேறி உருகும். மீட்டர் பாக்ஸிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், தனி எம்சிபி (சுமை மீறினால் துண்டிப்பது), 30 மில்லியாம்பியர் ஏ டைப் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் துண்டிப்பது), தனி எர்த். கடலோர உப்பு மண்ணில் எர்த் ராடு சீக்கிரம் அரிக்கும், வருடத்துக்கு ஒரு தடவையாவது அளக்கச் சொல்லுங்கள். பழைய இணைப்பில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதாது என்றால் ஈபி ஆபீஸில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தினம் 40 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 2,400 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட், சார்ஜர் இழப்பும் சேர்த்து 400 யூனிட் சொச்சம். வீட்டில் ஏற்கெனவே 300 எரிந்தால் 700 தாண்டும். ஈபி கணக்கில் 500 யூனிட்டைக் கடந்தால் கீழ்ப்படிகளின் மானியம் சுருங்கி மேல்படி விலை ஏறுவதால், 'யூனிட் இவ்வளவு' என்று விற்பவர் போடும் கணக்கு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. உங்கள் ஈபி பில்லை வைத்துப் போடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் தெருவில் நிறுத்துபவர்கள் மாடியிலிருந்து வயர் தொங்கவிடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சொந்த நிறுத்துமிடம் இல்லையென்றால் இந்த மாற்றமே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

மழைக்காலம் இன்னொரு கவலை. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும், அதுவும் புதிய சீல் இருக்கும்போது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் நீரில் இறக்கிவிட்டு வாரன்டி கேட்க முடியாது. ராத்திரி முழுக்க வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சார்ஜில் போடாதீர்கள், சர்வீஸ் பிளக்கை எடுக்கவும் நீங்களே கை வைக்காதீர்கள், பொருத்தியவரைக் கூப்பிடுங்கள்.

சலுகை எவ்வளவு

மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சொந்தக் காருக்கு மானியம் கிடையாது. வருமான வரியில் மின்வாகனக் கடன் வட்டிக்கான 80இஇபி கழிவு 2023 மார்ச் 31 வரை ஒப்புதலான கடனுக்கு மட்டும். தமிழ்நாட்டின் வாகன வரி விலக்கு புதிதாகப் பதிவாகும் மின் வண்டிக்குக் கைகொடுக்கும், ஆயுள் வரி கட்டிய பழைய காருக்கு மிச்சமாக எதுவும் வராது. மிஞ்சுவது இரண்டு. 15 ஆண்டு தாண்டிய காரின் ஆர்சி புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது, 2021 ஆகஸ்ட் அறிவிப்புப்படி பேட்டரி வண்டிக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஆர்சி மாறிய பிறகு புகைச் சான்றும் தேவையில்லை. டெல்லி போல 10 ஆண்டு டீசல் கார் தடை சென்னையில் இல்லாததால், 'வண்டி சீக்கிரம் கழிந்துவிடும், இப்பவே மாத்துங்க' என்ற அவசரப்படுத்தலுக்கு இங்கே அடிப்படை இல்லை.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து பாலிசியில் என்டார்ஸ்மென்ட் (மாற்றத்தைப் பதிந்த குறிப்பு) வாங்க வேண்டும், கிட்டின் மதிப்பையும் ஐடிவியில் (பாலிசியில் காட்டும் வண்டி மதிப்பில்) சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் சொந்தச் சேதக் கோரிக்கையை மறுக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்தது போல் ஆகிவிடும். 2022 ஜூன் 1இல் வந்த பட்டியலில் மூன்றாம் நபர் பிரீமியம் மின்காருக்கு 30 கிலோவாட் வரை 1,780 ரூபாய், 30 முதல் 65 வரை 2,904. ஆயிரம் சிசி வரையிலான பெட்ரோல் காருக்கு 2,094. 30 கிலோவாட்டுக்கு மேலான மோட்டார் என்றால் சின்னக் காருக்குப் பிரீமியம் கூடத்தான் செய்யும், மோட்டாரின் திறனைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.