பக்வீட் கோதுமை அல்ல

ஒரு மொழிபெயர்ப்புச் சமையல் குறிப்பு. "பசையம் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம்) இல்லாத ரொட்டி" என்று தலைப்பு. பொருள் பட்டியலின் முதல் வரியிலேயே "கோதுமை மாவு 2 கப்". ஆங்கில மூலத்தில் இருந்தது பக்வீட் என்ற வேறொரு தானியம்; அதில் பசையம் கிடையாது. மொழிபெயர்த்தவர் 'வீட்' (கோதுமை) என்ற பின்பாதியைப் பிடித்துக்கொண்டு முன்பாதியைக் கைவிட்டுவிட்டார். இதே பிழையை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது! பசையம் உடலுக்கு ஒவ்வாத சீலியாக் நோய் உள்ளவர் இதை நம்பிச் சமைத்துச் சாப்பிட்டால் சிறுகுடலின் உட்சுவர்தான் பாழாகும்.

சொல்லின் கதை சிறியது. டச்சு மொழியின் 'பூக்வைட்' ஆங்கிலத்துக்குப் போய் பக்வீட் ஆனது. 'பூக்' என்பது பீச் மரம். இதன் மூன்று பட்டை விதை, பீச் மரக் கொட்டையைப் போலவே இருக்கும். மாவாக அரைத்துச் சாப்பிட்டதால் 'கோதுமை' ஒட்டிக்கொண்டது. செடியோ கோதுமையைப் போலப் புல்லினமே அல்ல; ருபார்ப் கீரையின் குடும்பம்.

பிழை வேண்டாம் என்பவர்கள் 'மரக்கோதுமை' என்று எழுதுகிறார்கள். இது இன்னும் மோசம். தமிழில் கூட்டுச்சொல்லின் கடைசிச் சொல்தான் இனத்தைச் சொல்லும். செந்நெல் நெல்தான், கருங்குருவி குருவிதான். மரக்கோதுமை என்றால் படிப்பவர் கோதுமையில் ஒரு வகை என்றுதான் எடுத்துக்கொள்வார். போதாக்குறைக்கு, இது மரத்தில் காய்ப்பதும் இல்லை. "மக்காச்சோளம் சோளமா என்ன?" என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் அந்த இரண்டில் எதிலுமே பசையம் கிடையாது; மாற்றிச் சாப்பிட்டாலும் சீலியாக் நோயாளிக்குக் கேடில்லை. இங்கே அப்படியா? விலக்க வேண்டிய பொருளின் பெயரையே உண்ணத் தகுந்த பொருளுக்குச் சூட்டுகிறோம். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் ஆங்கிலச் சொல்லை வெட்டிப் பாதிப் பாதியாகத் தமிழாக்குவது தனித்தமிழ் ஆகாது.

இந்திப் பெயரான குட்டு நமக்கு ஒத்துவராது. தலையில் வைக்கும் குட்டுதான் நினைவுக்கு வரும். தானியப் பெயர்ப் பட்டியல்கள் சிலவற்றில் 'பாப்பரை' என்று இருக்கிறது. சொல்ல எளிது, வேறெந்தத் தானியத்தோடும் குழம்பாது. என் தேர்வு அதுதான். பழகும்வரை "பாப்பரை எனும் பக்வீட்" என்று சேர்த்தே எழுதலாம்.

பெயர் தெளிந்தால் சமையலும் தெளியும். கோதுமை என்று நினைத்துப் பாப்பரை மாவைப் பிசைந்தால் இழுவை வராது. தேய்க்கும்போதே விளிம்பு வெடிக்கும். மாவைக் குறை சொல்லிப் பயனில்லை, இழுவை தருவதே பசையம்தான். வெந்நீர் விட்டுப் பிசைந்தால் ஓரளவு சேர்ந்து வரும். அதைவிட, நீர்க்கக் கரைத்துக் கல்லில் மெல்லிசாக வார்ப்பது மேல். முழு மணியை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, இரண்டு பங்கு தண்ணீரில் கால் மணி நேரம் வேகவைத்தால் பொலபொலவென்று இருக்கும். வறுக்காமல் போட்டால் குழைந்து கஞ்சிப் பதத்துக்குப் போய்விடும். 100 கிராம் மணியில் ஏறக்குறைய 13 கிராம் புரதம், 10 கிராம் நார்ச்சத்து. கோதுமைப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் இதில் கூடுதல்.

ஜப்பானியர் 'சோபா' என்பது இந்தத் தானியத்தைத்தான். ஆனால் கடைகளில் விற்கும் சோபா நூடுல்ஸ் பலவற்றில், இழுவைக்காகக் கோதுமை மாவும் கலந்திருக்கும். அதன் உறையைத் தமிழாக்குபவர் இரண்டையுமே கோதுமை என்று எழுதிவிட்டால், பசையம் ஒவ்வாதவர் எதை வைத்துப் பிரித்தறிவார்?