புக்கை தொறந்தாலே தூக்கம் வருதா? பைலட் ட்ரெயினிங்ல இருக்குறவங்களுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர் எழுதுறது

"சார், ஃப்ளையிங்னா விடிகாலை நாலு மணிக்குக்கூட எந்திரிச்சு வந்துடுறேன், மெட் புக்கை, அதான் வானிலை பாடத்தை, எடுத்தா மட்டும் பத்து நிமிஷத்துல கண்ணு சொருகுது." இதை எங்கிட்ட சொல்லாத ஸ்டூடண்ட் ரொம்ப கம்மி. நான் ஃப்ளையிங்கும் சொல்லித்தரேன், கிரவுண்ட் கிளாஸும் எடுக்குறேன், சூப்பரா லேண்டிங் போடுற பசங்க பேப்பர் கிளியர் பண்ண முடியாம பாதியில நின்னதையும் பாத்திருக்கேன், சுமாரா ஓட்டுறவங்க பொறுமையா படிச்சு மேல போனதையும் பாத்திருக்கேன். அதனால, நாம சோம்பேறின்னு நீங்களே முடிவு கட்டிடாதீங்க. முக்கால்வாசி பேருக்கு என்ன ஆகுதுன்னா புக்கு ஒரு பக்கம் கிடக்கு, விமானம் இன்னொரு பக்கம் நிக்குது, ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல.

ஒரு பையன் இருந்தான். ஆல்டிமீட்டர் (காத்தழுத்தத்தை வச்சு உயரம் காட்டுற கருவி) பத்தி எந்தக் கேள்வி கேட்டாலும் முழுசா கேக்குறதுக்குள்ள ஆப்ஷனை சொல்லிடுவான், கொஸ்டின் பேங்க் அப்படி மனப்பாடம், மார்க்கும் தொண்ணூறுக்கு மேல. ஒருநாள் டேக்ஆஃபுக்கு முன்னாடி செக் பண்ணிட்டிருக்கோம், டவர்ல க்யூஎன்ஹெச், அதாவது கடல்மட்டத்துக்குக் கணக்கு போட்ட காத்தழுத்தம், 1001னு சொல்றாங்க, இவனும் ரேடியோல அழகா திருப்பிச் சொல்றான், ஆனா கை ஆல்டிமீட்டர்ல அதை வைக்கிற குமிழ் பக்கமே போகல, அந்த சின்ன ஜன்னல்ல 1013 அப்படியே நிக்குது. தரையில நிக்கிற விமானம், ஏரோட்ரோம் உயரத்தைவிட 350 அடி கிட்ட கூட காட்டுது, இவன் அதைப் பாத்துக்கிட்டே "செட்"ங்குறான். நான் திட்டல. "தம்பி, நாம இப்போ எங்க இருக்கோம்?"னு மட்டும் கேட்டேன். ஊசியைப் பாத்தான், வெளிய புல்லைப் பாத்தான், மறுபடி ஊசியைப் பாத்தான், அதுக்கப்புறம் என்னைப் பாக்கவே இல்ல.

1013க்கும் 1001க்கும் 12 ஹெக்டோபாஸ்கல் (காத்தழுத்த அளவு) வித்தியாசம், ஒண்ணுக்கு 27ல இருந்து 30 அடி, இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும், கேள்வித்தாள்ல வந்தா தெரியும். அன்னிக்கு சாயங்காலம் யாரும் சொல்லாமலே அந்த சாப்டரை முழுசா உக்காந்து படிச்சிருக்கான். மறுநாள் வந்து கேக்குறான், "சார், வெளிய ரொம்ப குளிரா இருந்தா க்யூஎன்ஹெச் சரியா வச்சாலும் தப்பா காட்டுமா?" காட்டும், ஊசி சொல்றதைவிட நாம தாழ்வா பறந்துட்டிருப்போம். இந்தக் கேள்வி அவனுக்கு அதுவரைக்கும் தோணினதே இல்ல, அதுக்கான பதில் அதே புக்குல அத்தனை மாசமா இருந்துச்சு.

அதனால நான் சொல்றது, கேள்வி முதல்ல வரட்டும், புக்கு அப்புறம். நாளைக்கு ஸ்டீப் டர்ன், அதாவது நல்லா சாய்ச்சுத் திரும்புறதுன்னா, இன்னிக்கு ராத்திரி லோட் ஃபேக்டர் (இறக்கை தாங்குற பாரம் விமானத்தோட எடையைப்போல எத்தனை மடங்குங்குறது) மட்டும் படிங்க, வேற எதுவும் வேணாம். 60 டிகிரி பேங்க்ல (சாய்வுல) உயரம் விடாம திரும்பினா 2ஜி, அதாவது ரெண்டு மடங்கு பாரம், ஸ்டால் ஸ்பீடு (இதுக்குக் கீழ போனா இறக்கையால விமானத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது) 1.41 மடங்கு, அதாவது நேரா போகும்போது 50 நாட் வேகத்துல ஸ்டால் ஆகுறது 70 கிட்டயே ஸ்டால் ஆகிடும். காலைல 45 டிகிரி போடும்போதே உடம்பு சீட்ல அழுந்தும் பாருங்க, அது வெறும் 1.4ஜிதான், அப்புறம் அந்த ஃபார்முலாவை மறக்கணும்னு நெனச்சாலும் முடியாது.

இன்னொண்ணு, ஹைலைட்டர். பக்கம் பூரா மஞ்சளா இருந்தா படிச்ச மாதிரி ஒரு திருப்தி வரும், அவ்வளவுதான். ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேரு 2006ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஒரு பாடத்தை திருப்பித் திருப்பிப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ நல்லா சொன்னாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ, ஒரு தடவை படிச்சுட்டு அப்புறம் பாக்காம ஞாபகப்படுத்தி எழுதிப் பாத்தவங்கதான் முந்திட்டாங்க. நமக்கு பரீட்சை அஞ்சு நிமிஷத்துல இல்லயே. புக்கை மூடிட்டு கார்புரேட்டர் ஐசிங் (இன்ஜினுக்குக் காத்தும் எரிபொருளும் கலக்குற இடத்துல பனி உறையுறது) எப்படி வருதுன்னு ரூம்மேட்டுக்கு வாய்விட்டு சொல்லுங்க, எங்க திக்குதோ அதை மட்டும் தொறந்து பாருங்க. ஆள் இல்லன்னா செவுத்துக்கு சொல்லுங்க, தப்பில்ல.

"இந்த யூனிட் கன்வெர்ஷன் எல்லாம் ஏர்லைன்ல போனா கம்ப்யூட்டர் பாத்துக்கும்"னு ஒரு பேச்சு எல்லா பேட்ச்லயும் ஓடும். 1983 ஜூலை 23, ஏர் கனடாவோட புது போயிங் 767, எரிபொருள் அளவு காட்டுற கருவி வேலை செய்யல, அளவுக்கோல் விட்டுப் பாத்து கையால கணக்கு போட்டாங்க, லிட்டருக்கு 0.8 கிலோன்னு போட வேண்டிய இடத்துல 1.77ன்னு போட்டாங்க, அது பவுண்டு கணக்கு. 22,300 கிலோ வேணும், ஏறுனது அதுல பாதிக்கும் கம்மி. 41,000 அடியில பறந்துட்டிருக்கும்போது பிரச்சனை ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல ரெண்டு இன்ஜினும் நின்னுடுச்சு. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகினவர், கிம்லிங்குற பழைய விமானப்படைத் தளத்துல இறக்கிட்டார், யாரும் சாகல. அந்த ஒரு பெருக்கலை அன்னிக்கு ஒருத்தர் இல்ல, பல பேரு பாத்தாங்கங்குறதுதான் எனக்கு இன்னும் உறுத்துற விஷயம்.

வெதர் சரியில்லாம ஃப்ளைட் கேன்சல் ஆகுற வாரம்தான் மனசு ரொம்ப விழும், அப்போ சேர்ல உக்காந்து கண்ணை மூடிட்டு ஒரு சர்க்யூட் (டேக்ஆஃப் பண்ணி, ஒரு சுத்து வந்து, அதே ரன்வேல இறங்குறது) முழுசா வாயாலயே ஓட்டிப் பாருங்க, கை எங்க போகுது, எப்போ என்ன ரேடியோ கால், எல்லாம். காசு செலவில்லாத மணிநேரம் அது. அப்புறம் கூட இருக்குறவன் 14 மணிநேரத்துல சோலோ (தனியா பறக்க) போயிட்டான்னு எண்ணாதீங்க, ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) பிரைவேட் லைசென்ஸுக்கு 40 மணிநேரம்னு சொல்றது குறைஞ்சபட்சம்தான், பந்தயம் இல்ல.

பறக்கறதுக்கு முன்னாடி ஐம்சேஃப்னு நம்மளையே செக் பண்றோம் இல்ல, உடம்பு, மருந்து, ஸ்ட்ரெஸ், குடி, களைப்பு, சாப்பாடு, அதையே படிக்க உக்காரும்போதும் ஒரு தடவை ஓட்டுங்க. நாலு மணிநேரம் தூங்கிட்டு நேவிகேஷன் மண்டையில ஏறலன்னா அது மண்டையோட குத்தம் இல்ல. ரெண்டு மூணு வாரமா தூக்கமே சரியில்ல, எதுலயும் ஒட்டலன்னா மறைக்காம இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லுங்க, தேவைப்பட்டா டாக்டரைப் பாருங்க, அந்த நிலைமையில பறக்கவும் வேணாம். பேப்பரை அடுத்த அட்டெம்ப்டுக்கு தள்ளி வைக்கிறதுல கேவலம் எதுவும் இல்ல. நானே நேவிகேஷனை ரெண்டாவது தடவைதான் கிளியர் பண்ணேன், அதை ஒவ்வொரு பேட்சுக்கும் முதல் நாளே சொல்லிடுவேன், கடைசி பெஞ்சுல ரெண்டு பேராவது அப்போதான் மூச்சு விடுவாங்க.