ஓரத்தைப் பார்த்தால் டைக் தெரியும்

பெங்களூரு ஜிகணிப் பக்கம் கல் அறுக்கும் பட்டறைகளில் 'பிளாக் கிரானைட்' என்று கேட்டு வாங்கிச் சமையல் மேடையில் பதிக்கிறோமே, அது பல நேரம் கிரானைட்டே அல்ல, டாலரைட். பூமிக்குள் விரிசலில் ஏறி உறைந்த தீப்பாறை. பழைய பாறையைக் குறுக்கே வெட்டிச் சுவர் போல நின்றால் அதற்கு டைக் என்று பெயர். பாறை அடுக்குகளுக்கு நடுவே அவற்றோடு இணையாகப் பரவினால் சில். பெங்களூரைச் சுற்றிக் கிழக்கு மேற்காக ஓடும் பெரிய டைக்குகளுக்கு வயது சுமார் 237 கோடி ஆண்டுகள். அவை வெட்டிச் செல்லும் நைஸ் (ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய, வரிகள் ஓடும் பாறை) இன்னும் பழையது. லால்பாக்கில் கெம்பே கௌடா கோபுரம் நிற்கிற குன்றே அந்த நைஸ்தான். வயது சுமார் 300 கோடி.

விரிசல் கீழிருந்து நிரம்பியதா, மேலிருந்தா? 18ஆம் நூற்றாண்டின் பெரிய சண்டை இது. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் பாடம் நடத்திய வெர்னர், ஆதிக்கடலின் நீரில் கரைந்திருந்த பொருள் மேலிருந்து இறங்கிப் படிந்தது என்றார். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன், உருகிய குழம்பு கீழிருந்து ஏறியது என்றார். 1785இல் கிளென் டில்ட் ஆற்றுப் படுகையில், சிவந்த கிரானைட் கறுத்த பாறையைக் கிளை கிளையாகப் பிளந்து நுழைந்திருப்பதைக் கண்டார். நுழைந்தது எதுவோ அதுவே இளையது. நுழையும்போது அது குழம்பாக இருந்திருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் கேள்வியும் வலுவானது. கல்லை உருக்கி ஆறவிட்டால் கண்ணாடிதானே வரும், மணிமணியான பாறை எப்படி வரும்? ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால் இதைச் சோதித்தார், ஹட்டன் இறந்த பிறகு, 1798இல். எடின்பரோவைச் சுற்றிக் கிடைத்த கறுங்கற்களை உலையில் உருக்கினார். சட்டென்று ஆறவிட்டபோது கண்ணாடி வந்தது. அதே கண்ணாடியை மறுபடி சூடாக்கி மெல்ல மெல்ல ஆறவிட்டபோது படிகங்கள் நிறைந்த கல் திரும்பி வந்தது. சர்க்கரைப் பாகைத் தட்டில் ஊற்றினால் கண்ணாடி போல் இறுகும், நாள் கணக்கில் விட்டால் கற்கண்டு கட்டும். அதே கதைதான்.

அதனால்தான் டைக்கை ஓரத்தில் படிக்க வேண்டும். சுமார் 1200 டிகிரி சூட்டில் ஏறிய குழம்பு குளிர்ந்த சுவரைத் தொட்ட இடத்தில் படிகம் வளர நேரமே இல்லை. அங்கே கல் பலகைச் சிலேட்டைப் போல நைசாக இருக்கும். லென்ஸில்கூட மணி தெரியாது. உள்ளே போகப் போக மணி பெரிதாகி, நடுவில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் வெளுத்த குச்சிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். அகலம் இரட்டித்தால் உறையும் நேரம் நான்கு மடங்காகும்: 2 மீட்டர் டைக் ஒன்றிரண்டு வாரத்துக்குள் உறைந்துவிடும், 20 மீட்டருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு துண்டு போதாது. இரண்டு ஓரம், நடு என மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, சுட்ட பாறை. குழம்பின் சூடு பக்கத்துப் பாறையைச் செங்கல் போலச் சுட்டு இறுக்கும். எரிமலைக் குழம்பு தரையில் ஓடினால் அடியில் மட்டும் சுடும்; சில் மேலேயும் சுடும். இதைக் கவனிக்காததால் வந்த குழப்பம் ஒன்று உண்டு. அயர்லாந்தின் போர்ட்ரஷில் 'பசால்ட்டுக்குள் அம்மோனைட் ஓடு' கிடைத்தது என்று வெர்னர் தரப்பு கொண்டாடியது. பசால்ட் என்பது கறுத்த தீப்பாறை, அம்மோனைட் பழங்காலக் கடல் உயிரி; ஓடு உள்ளே இருந்தால் பாறை கடலில் படிந்தது என்றாகிவிடும் அல்லவா? ஆனால் அந்தப் பாறை பசால்ட் இல்லை. பக்கத்துச் சில்லின் சூட்டில் வெந்து கறுத்து இறுகிய கடல் களிப்பாறை.

நம் ஊரில் தவறு வேறு இடத்தில் நேரும். நைஸ் ஏற்கெனவே கடும் சூடு கண்ட பாறை. டைக் தொட்டாலும் சுட்ட தடம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதோடு நைஸுக்குள்ளேயே கறுப்புப் பட்டைகள் உண்டு, அவற்றையும் டைக் என்று நினைத்துவிடுவோம். பட்டை நைஸின் வரிகளோடு சேர்ந்து வளைந்து போகிறதா? ஓரமும் நடுவும் ஒரே மணியாக இருக்கிறதா? அப்படியானால் அது அந்த 237 கோடி ஆண்டு டைக் அல்ல. டைக் வரிகளைச் சட்டை செய்யாமல் நேராக வெட்டிப் போகும்.

திசை அளக்கும்போது காம்பஸை டாலரைட் மேல் வைக்கக் கூடாது. அதிலுள்ள மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் முள்ளை இழுத்துவிடும். சில மீட்டர் தள்ளி நைஸ் மேல் நின்று, டைக் ஓடும் கோட்டைக் கண்ணால் பிடித்து அளக்க வேண்டும். எதிர்முனையிலிருந்து இன்னொரு முறை அளந்து ஒப்பிட வேண்டும்.