வெளுத்ததெல்லாம் நல்ல தண்ணீர் அல்ல

போன வாரம் நகரிப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குப் போயிருந்தேன். முதலாளி ஒரு கண்ணாடி டம்ளரைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க சார், நேத்து ரத்தச் சிவப்பு. இன்னிக்கு போர் தண்ணி மாதிரி." அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி, கன்றுக்குட்டி கட்டியிருந்த தோப்புக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. இந்த வருடம் எனக்கு இது மூன்றாவது டம்ளர்.

யாரோ அவருக்கு நுண்ணுயிர் மின்கலம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பாக்டீரியா கழிவைத் தின்று எலக்ட்ரானை விடும், அது கம்பி வழியே மின்சாரமாக ஓடும். 1911-லேயே இங்கிலாந்தில் பாட்டர் என்ற பேராசிரியர் காட்டியதுதான். தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. டம்ளர் மேல்தான்.

பட்டறைகளில் ஓடுவது பெரும்பாலும் அசோ சாயம். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்பதால் வரும் நிறம் அது. கலத்தின் காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா அந்தப் பிடியை உடைக்கிறது, நிறம் போகிறது. உடைந்த துண்டுகள் எங்கே போகும்? தண்ணீரில்தான் இருக்கின்றன. அரோமாட்டிக் அமீன்கள் என்று பெயர். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. சிவப்பாக இருந்தபோதாவது மனிதர்கள் தயங்கினார்கள். அமீனைச் சிதைக்க அடுத்ததாகக் காற்றூட்டும் தொட்டி வேண்டும். "எதுக்கு சார், அதான் தெளிஞ்சிடுச்சே?" என்கிறார் முதலாளி!

உப்பும் அப்படியே இருக்கிறது, எந்தப் பாக்டீரியாவும் அதைத் தின்னாது. மீட்டரை விட்டுப் பார்த்தால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 5,000-க்கு மேல். வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். இங்கே ஆற்றில் விடுவது கொசஸ்தலை வழியாகப் பூண்டி ஏரிக்குத்தான் போகும், அப்புறம் சென்னைக் குழாய்க்கு.

கரண்டு? ஒரு கலம் தருவது அரை வோல்ட் சொச்சம். தறி ஓடும், பில் குறையும் என்று விற்க வருபவரை வாசலோடு அனுப்புங்கள்.

பிளீச்சிங் தண்ணீரையும் காரத் தண்ணீரையும் நேராகக் கலத்துக்குள் விடாதீர்கள், பாக்டீரியா செத்துப்போகும். சாயம் மட்டும் அதற்குச் சாப்பாடு ஆகாது, பாவுக் கஞ்சி கழுவிய தண்ணீரையும் கொஞ்சம் சேருங்கள்.

கடைசியாக ஒன்று, கும்பிட்டுக் கேட்கிறேன். தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை உள்ளே இறக்காதீர்கள். சாயம் ஏற நீங்கள் போடும் கிளாபர் உப்பு ஒரு சல்பேட். காற்றில்லாத இடத்தில் அது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைப்பது அப்போதுதான். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் தூக்கப்போகிறேன் என்று இன்னொருவர் குதிக்க வேண்டாம். தீயணைப்புக்கு 101, உடனே கூப்பிடுங்கள்.