வார்ப்புரு

"அக்கா, போன மாசத்து டெம்ப்ளேட்டைக் கொஞ்சம் அனுப்புங்க." பினாங்கில் நான் வேலை செய்யும் கணக்கு அலுவலகத்தில் மாதக் கடைசியில் இந்தக் குரல் கேட்காத நாளே இல்லை. தம்பிக்கு வேண்டியது போன மாத எண்கள் அல்ல. எக்செல் குறிவரைவில், அதாவது சார்ட்டில், பட்டைகளின் நிறம், எழுத்தளவு, கட்டக்கோடுகள் ஆகியவை அப்படியே இருக்க, உள்ளே இந்த மாதக் கணக்கு ஏற வேண்டும்.

ஆங்கிலத்தில் 'டெம்ப்ளேட்' என்ற சொல்லின் பழைய வடிவம் டெம்ப்ளெட். 17ஆம் நூற்றாண்டில் அது உத்தரத்தின் அடியில் வைக்கும் தாங்குகட்டையைக் குறித்தது. பிறகு, வெட்டுவதற்கு அளவுகாட்டும் பலகைக்கு வந்தது. தகட்டைக் குறிக்கும் 'பிளேட்' என்ற சொல்லின் சாயல் படிந்து ஈறு மாறியது. மலாய்க்காரர்கள் தெம்பிளாட் என்கிறார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'மாதிரி' என்றால் உள்ளடக்கத்தோடு கூடிய ஒன்றைக் காட்டுகிறோம் என்றாகிவிடும். 'படிவம்' என்றால் நம் ஊரில் இடைநிலைப்பள்ளி வகுப்பு. படிவம் 5 என்றுதான் காதில் விழும். தீபாவளி நேரத்தில் அச்சு முறுக்கு சுடுபவர்களுக்கு 'அச்சு' உடனே விளங்கும், எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் கணினியில் அச்சிடுவதும் அச்சு, குறிவரைவின் கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் அச்சு. மூன்றையும் ஒரே திரையில் வைத்தால் குழப்பம்.

அதனால் வார்ப்புருதான் சரி. உருக்கிய உலோகத்தை வார்க்கிறோம், தோசைமாவையும் வார்க்கிறோம். வார்ப்பது புதிது, உரு பழையது. தமிழ் விக்கிப்பீடியாவும் இச்சொல்லையே ஆள்கிறது. பட்டைக்குறிவரைவு, வட்டக்குறிவரைவு என்று தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்குக் 'குறிவரைவு வார்ப்புரு' இயல்பாக வரும்.

எக்செலில் குறிவரைவின் மேல் வலச்சொடுக்கி 'சேவ் ஆஸ் டெம்ப்ளேட்' கொடுத்தால் சி.ஆர்.டி.எக்ஸ் கோப்பாகச் சேமிக்கப்படும். புதிய விரிதாளில் எண்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, குறிவரைவு வகைகளில் உள்ள 'டெம்ப்ளேட்ஸ்' பகுதியிலிருந்து அதை எடுத்தால் போதும்.

ஒன்றை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். செங்குத்து அச்சின் உச்சத்தை 500 என்று கையால் பூட்டியிருந்தால் அதுவும் வார்ப்புருவோடு சேர்ந்து வரும். போன மாதம் எங்களுக்கு 620 வந்தது. பட்டை 500இலேயே நின்றுவிட்டது, தலை வெட்டுப்பட்டது கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. உச்சத்தைத் தானியங்கிக்கு மாற்றிவிட்டு வார்ப்புருவை மறுபடி சேமித்த பிறகுதான் தம்பிக்கு அனுப்பினேன்.